ஒரே இருக்கைக்கு இரண்டு சீட்டு: எல்லை தாண்டும் பேருந்து முன்பதிவுத் தளத்தில் பிழை பிடிக்கும் வழி

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா, கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று புறப்படும் பேருந்துகளுக்கு முன்பதிவுத் தளம் எழுதுகிறவர்களுக்கும், எழுதி முடித்துவிட்டுப் புகார் வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் இது. தளத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்லித்தர ஆள் நிறைய உண்டு. தீபாவளிக்கு முந்தைய இரவு வண்டி கிளம்பப்போகும் நேரத்தில் கவுண்டரிலிருந்து அழைப்பு வந்தால் முதலில் எதைப் பார்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

புகார் எப்படிக் காதில் விழுமோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகாருக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதிவைத்ததால் வருபவை. இருக்கை யாருடையது என்பது டேட்டாபேஸிலும் இருக்கும், கவுண்டர் நோட்டிலும் இருக்கும். காசு வந்ததா என்பது உங்கள் டேபிளிலும் இருக்கும், பணம் வாங்கித்தரும் நிறுவனத்திடமும் இருக்கும். இரண்டும் முரண்படும்போது எதை நம்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். செய்யாத தளம் எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் தடுமாறும்.

எந்தப் புகாரானாலும் கேட்டு வாங்கவேண்டியவை: பதிவு எண், பயணி பார்த்த திரையின் படம், நடந்த நேரம். அந்தப் பதிவு எண் செர்வர் லாக் (நடந்ததை நேரத்தோடு எழுதிவைக்கும் குறிப்பேடு), பண லாக், குறுஞ்செய்தி லாக் மூன்றிலும் விழவில்லையென்றால், மேற்கொண்டு படிக்காமல் போய் அதைச் செய்துவிட்டு வாருங்கள்.

## “என் சீட்டுல வேற ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்”

எல்லாப் புகாருக்கும் தாய்ப் புகார் இது. நான்கு காரணங்களால் வரும், நான்குக்கும் மருந்து வேறு. அதனால் நிரல் கோடைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு பேருடைய பதிவுகளையும் அருகருகே வைத்து, யார் எந்த வழியில் வாங்கினார்கள் என்று பாருங்கள்.

இரண்டும் உங்கள் தளத்திலேயே, சில விநாடி இடைவெளியில் வாங்கியவை என்றால் பந்தயப் பிழை. உங்கள் கோடு “இந்த இருக்கை காலியா?” என்று படிக்கிறது, பிறகு “எடுத்தாயிற்று” என்று எழுதுகிறது. படித்ததற்கும் எழுதியதற்கும் நடுவில் இன்னொருவரும் “காலி” என்றே படித்துவிட்டார். “நான் டிரான்ஸாக்ஷனுக்குள்தானே (எல்லாம் நடக்கும் அல்லது எதுவும் நடக்காது என்ற ஒரே கட்டுக்குள்) வைத்திருக்கிறேன்” என்பார்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தானாக வைத்துக்கொள்ளும் ரீட் கமிட்டட் நிலை (எழுதி உறுதியானதை மட்டும் படிப்பது) இதைத் தடுக்காது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் இன்னோடிபியில் அதைவிடக் கண்டிப்பான ரிப்பீட்டபிள் ரீட் இருந்தாலும், சாதாரண செலக்ட் (படிக்கும் கட்டளை) எதையும் பூட்டிவைப்பதில்லை. நிரலின் நினைவகத்திலேயே ஒரு பூட்டு வைத்துச் சமாளித்தவர்களுக்கு, இரண்டாவது செர்வர் சேர்த்த அன்று விடியும்.

மருந்து எளிது. பயண எண், இருக்கை எண் இரண்டையும் சேர்த்து டேட்டாபேஸிலேயே யூனிக் (ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்ற) கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவதாக வருபவரின் இன்சர்ட் (எழுதும் கட்டளை) தோற்கும். அந்தத் தோல்வியைப் பிடித்து, “இந்த இருக்கையை இப்போதுதான் ஒருவர் எடுத்துவிட்டார், வேறு பாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். ரத்தான பதிவுகள் அதே டேபிளில் கிடந்தால் கட்டுப்பாடு இடிக்கும். போஸ்ட்கிரெஸில், ரத்தாகாதவற்றுக்கு மட்டும் என்று பகுதி இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்கியூஎல்லில் அந்த வசதி இல்லை. அங்கே ரத்தானவற்றை வேறு டேபிளுக்கு நகர்த்துவதுதான் கண்ணுக்குத் தெளிவு.

இரண்டாவது காரணம், பாதித் தூரச் சீட்டு. ஒருவர் மலாக்காவில் இறங்குகிறார், இன்னொருவர் அதே இருக்கையில் மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் போகிறார். (அந்த வண்டிக்கு மலேசியாவுக்குள்ளேயே ஆள் ஏற்றி இறக்க உரிமம் உண்டா என்பதைக் கோடு எழுதுவதற்கு முன் முதலாளியிடம் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இந்தப் பத்தியே உங்களுக்கு வேண்டாம்.) மேலே சொன்ன யூனிக் கட்டுப்பாடு இங்கே நியாயமான விற்பனையையும் தடுக்கும். உடனே கட்டுப்பாட்டைத் தூக்கிவிட்டு நிரலில் சரிபார்க்கத் தொடங்குவார்கள், பழைய பந்தயம் திரும்ப வந்துவிடும். அதற்குப் பதில், நிறுத்தங்களுக்கு 0, 1, 2 என்று வரிசை எண் கொடுத்து, ஒவ்வொரு சீட்டையும் ஓர் இடைவெளியாக எழுதுங்கள். போஸ்ட்கிரெஸில் பிட்ரீ ஜிஸ்ட் நீட்சியைப் போட்டால், “ஒரே பயணம், ஒரே இருக்கை, ஒன்றன்மேல் ஒன்று விழும் இடைவெளி” மூன்றும் சேர்ந்து வரக்கூடாது என்று எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடு எழுத முடியும். இடைவெளியின் தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே என்று இருக்க வேண்டும். இரண்டு முனையும் உள்ளே என்றால், மலாக்காவில் இறங்குகிறவரும் ஏறுகிறவரும் முட்டிக்கொள்வார்கள்.

மூன்றாவது, ஒரு சீட்டு உங்களுடையது, இன்னொன்று கவுண்டரில் கையால் எழுதியது, அல்லது வேறொரு விற்பனைத் தளம் தனக்கு ஒதுக்கிய பங்கிலிருந்து விற்றது. இதற்கு டேட்டாபேஸ் மருந்தே கிடையாது. ஒன்று, கவுண்டரும் உங்கள் திரையிலேயே விற்க வேண்டும். இல்லையென்றால், முன்வரிசை ஆறு இருக்கை கவுண்டருக்கு, மிச்சம் தளத்துக்கு என்று பிரித்துவிட வேண்டும். பிரித்தால் சில இருக்கைகள் காலியாகப் போகும்தான். முதலாளி முகம் சுளிப்பார். ஆனால் நள்ளிரவில் இரண்டு குடும்பம் ஒரே இருக்கைக்குச் சண்டை போடுவதைவிட இரண்டு காலி இருக்கை மலிவு என்பது என் கட்சி.

நான்காவது காரணத்தைக் கடைசியில்தான் நினைப்பார்கள்: வண்டியே மாறிவிட்டது. ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்று அகல இருக்கை உள்ள வண்டி பழுதாகி, பக்கத்துக்கு இரண்டு உள்ள வண்டியை அனுப்பியிருப்பார்கள். எண் 10 இரண்டிலும் உண்டு, இடம் மட்டும் வேறு. ஜன்னலோரம் என்று காசு கொடுத்தவர் நடைபாதையோரம் உட்கார்ந்திருப்பார். யாரோ ஒருவர் நிர்வாகத் திரையில் இருக்கை வரைபடத்தையே திருத்தியிருந்தால் இன்னும் மோசம், பழைய பயணங்களும் சேர்ந்து மாறிவிடும். வரைபடத்தைத் திருத்தவே விடாதீர்கள். மாற்றம் வேண்டுமானால் புதிய பதிப்பு. ஒவ்வொரு பயணமும் எந்தப் பதிப்பில் விற்கப்பட்டது என்பது பயணத்தோடேயே இருக்கட்டும். வண்டி மாற்றம் என்பது தனியாக ஒரு பொத்தான்: அதை அழுத்தினால் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்குப் பட்டியல் வர வேண்டும், கவுண்டரில் ஒருவர் பார்த்து ஒப்ப வேண்டும், பயணிக்குச் செய்தி போக வேண்டும்.

## “நாலு பேருக்கு எடுத்தா மட்டும் பிழைன்னு வருது”

லாகில் டெட்லாக் என்று இருக்கும். ஒரு குடும்பம் 5, 6 என்ற வரிசையில் இருக்கைகளைத் தொடுகிறது, இன்னொன்று 6, 5 என்று தொடுகிறது. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதற்குக் காத்திருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஒரு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருவரைத் தூக்கி எறிந்துவிடும். பூட்டுவதற்கு முன் இருக்கைகளை எண் வரிசைப்படி அடுக்குங்கள். ஒரே வரி.

## “காசு போயிடுச்சு, டிக்கெட் வரலை”

பயணி எப்படிப் பணம் கட்டினார் என்று கேளுங்கள். பேநவ் (வங்கிச் செயலி வழியாக உடனே பணம் அனுப்பும் சிங்கப்பூர் முறை) என்றால் கதை பெரும்பாலும் இதுதான்: திரையில் கியூஆர் வந்தது, வங்கிச் செயலியைத் திறந்தார், ஸ்கேன் செய்து கட்டினார், கட்டிவிட்டேன் என்ற நிம்மதியில் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டார். உங்கள் தளத்துக்குத் திரும்பி வரவே இல்லை. நீங்களோ, “நன்றி” பக்கம் திறக்கும்போதுதான் சீட்டு எழுதுகிறீர்கள். அந்தப் பக்கம் திறக்கவே இல்லை.

சீட்டு எழுதும் பொறுப்பு வெப்ஹுக்குடையது, அதாவது பணம் வந்ததும் பண நிறுவனம் உங்கள் செர்வருக்கு நேராக அனுப்பும் செய்தியுடையது. நன்றிப் பக்கம் நிலவரத்தைக் காட்ட மட்டும். சரி, வெப்ஹுக் வைத்திருக்கிறேன், அப்படியும் வரவில்லை என்கிறீர்களா? பணம் வாங்கித்தரும் நிறுவனத்தின் டாஷ்போர்டில் அந்த நிகழ்வைத் தேடி, உங்கள் செர்வர் என்ன பதில் சொன்னது என்று பாருங்கள்.

“நீ அனுப்பியது தவறு” என்னும் 400 வகைப் பதில் என்றால் பெரும்பாலும் கையொப்பச் சோதனை தோற்றிருக்கும். கையொப்பம், வந்த உள்ளடக்கத்தின் அசல் பைட்டுகளுக்குப் போட்டது. உங்கள் ஃபிரேம்வொர்க் அதை முன்கூட்டியே ஜேசனாகப் பிரித்துத் திரும்பக் கோத்திருந்தால் ஒரு இடைவெளி மாறினாலும் பொருந்தாது. அந்த ஒரு முகவரிக்கு மட்டும் பிரிப்பதை நிறுத்துங்கள்.

நேரம் கடந்துவிட்டது என்று இருந்தால், வெப்ஹுக்குக்குள்ளேயே பிடிஎஃப் செய்து, மின்னஞ்சல் அனுப்பி, குறுஞ்செய்தியும் அனுப்பிவிட்டுப் பதில் சொல்கிறீர்கள் என்று பொருள். வந்ததை எழுதிவைத்துவிட்டு உடனே “பெற்றுக்கொண்டேன்” என்று சொல்லிவிட்டு, மற்ற வேலைகளை வரிசையில் போடுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் திரும்ப அனுப்புவார்கள். ஸ்ட்ரைப் என்ற பண நிறுவனம் மூன்று நாள் வரை அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் உங்கள் கோடு புதிதாய் ஒரு சீட்டு எழுதினால், காசு போய் டிக்கெட் வராத புகார், ஒரே காசுக்கு மூன்று டிக்கெட் வந்த புகாராக மாறிவிடும். நிகழ்வு எண்ணை யூனிக்காகச் சேமியுங்கள். முன்பே வந்தது என்றால் பேசாமல் “சரி” சொல்லிவிடுங்கள். நிகழ்வுகள் வரிசை மாறியும் வரும். பணத்தைத் திருப்பிய செய்தி, பணம் வந்த செய்திக்கு முன்னால் வந்து நிற்பதுண்டு.

இதையெல்லாம் தாண்டி ஒரு வழக்கு மிச்சமிருக்கிறது, கட்டாயம் வரும். இருக்கையைப் பத்து நிமிடம் பிடித்துவைக்கிறீர்கள். பயணி பதினோராவது நிமிடத்தில் கட்டுகிறார். அதற்குள் இருக்கை வேறொருவருக்குப் போய்விட்டது. கியூஆரின் ஆயுள் இருக்கைப் பிடிப்பின் ஆயுளைவிடக் குறைவாக இருக்கட்டும், பாதி வழக்கு அங்கேயே தீரும். மீதிக்கு, தாமதமாக வந்த பணத்தைக் கண்டதும் அதே இருக்கையை இன்னொரு முறை பிடித்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தானாகவே பணத்தைத் திருப்பி, அதைப் பயணிக்கு உடனே சொல்லுங்கள். சும்மா இருப்பதுதான் பெரிய பிழை. வண்டியில் ஏறும் இடத்தில்தான் அவருக்கு விஷயம் தெரியவரும்.

பிடிப்பு காலாவதியானதா என்பதை, நிமிடத்துக்கொருமுறை ஓடும் துப்புரவு வேலையிடம் விடாதீர்கள். அது ஓடாத அன்று எல்லா இருக்கையும் நிறைந்ததாகக் காட்டும். கேள்வி கேட்கும்போதே காலாவதி நேரத்தையும் ஒப்பிடுங்கள். துப்புரவு வேலை அழகுக்கு.

## “நாப்பத்தஞ்சுன்னு போட்டிருந்தது, கூட எடுத்துட்டாங்க”

போகும் வழிக் கட்டணத்தைச் சிங்கப்பூர் வெள்ளியிலும் திரும்பும் வழிக் கட்டணத்தை ரிங்கிட்டிலும் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. எண் ஒன்றாகவே இருக்கும். டேபிளில் தொகை மட்டும் இருந்து நாணயம் இல்லையென்றால், 45 ரிங்கிட் ஒருநாள் 45 வெள்ளியாகும். தொகையைக் காசுகளில் முழு எண்ணாக வையுங்கள், பக்கத்திலேயே நாணயக் குறியீடு கட்டாயம். புள்ளி எண்ணாக வைத்தால் கணக்கு முடிக்கும்போது ஒரு காசு இரண்டு காசு இடிக்கும். கணக்குப் பார்க்கும் அக்காவுக்குப் பதில் சொல்ல உங்களால் முடியாது.

விடுமுறைக் கட்டணம் தவறாக ஏறியிருந்தால் நாட்காட்டியைப் பாருங்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே விடுமுறைப் பட்டியல் என்றால் கண்டிப்பாகத் தவறும். தைப்பூசம் சிங்கப்பூரில் 1968 முதல் பொது விடுமுறை இல்லை. ஜோகூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக் போன்ற மாநிலங்களில் உண்டு. ஜோகூரின் வார இறுதி 2014 முதல் வெள்ளி, சனியாக இருந்தது, 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. பழைய கோட்டில் யாராவது வெள்ளிக்கிழமையைத் தனியாகக் கணக்கில் எடுத்திருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கும். விடுமுறைகள் டேபிளில், மாநில வாரியாக, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் சேர்த்து இருக்க வேண்டும்.

## “சொன்ன நேரத்துக்கு வந்தேன், வண்டி போயிடுச்சு”

எவ்வளவு நேரம் பிசகியது என்று கேளுங்கள். பிசகின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

எட்டு மணி நேரம் என்றால் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை மாற்றாமல் காட்டிவிட்டீர்கள். இரண்டரை மணி என்றால் எங்கோ ஒரு செர்வரோ, சென்னையில் உட்கார்ந்து எழுதும் நண்பரின் கணினியோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. இரவு 11:30 வண்டி 9:00 என்று தெரியும்.

அரை மணி என்றால்தான் ஆட்கள் குழம்பிப்போவார்கள். சிங்கப்பூரின் நேரம் யுடிசியைவிட எட்டு மணி முன்னால் வந்தது 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை மணி. புறப்படும் நேரத்தைத் தேதியில்லாமல், வெறும் நேரமாகச் சேமித்தால் பல மென்பொருள்கள் உள்ளுக்குள் 1970 ஜனவரி 1ஐ ஒட்டிவிடும். ஒரு இடத்தில் எட்டு மணி என்று கையால் கணக்குப் போட்டு எழுதி, இன்னொரு இடத்தில் ஆசியா/சிங்கப்பூர் மண்டலத்தை வைத்துப் படித்தால், 1970இன் ஏழரை மணி வந்து உட்காரும். 11:30 வண்டி 11:00 ஆகும். எழுதும் பக்கமும் படிக்கும் பக்கமும் இடம் மாறியிருந்தால் 12:00 ஆகும், அப்போதுதான் வண்டி தவறும்.

ஒரு மணி நாலு நிமிடம் முப்பத்தைந்து விநாடி என்று வினோதமாக ஒரு பிசகு வந்தால், கால அட்டவணை கூகுள் ஷீட்டிலிருந்து ஏதோ ஒரு ஸ்கிரிப்ட் வழியாக வருகிறது. அங்கே வெறும் நேரத்துக்கு ஒட்டும் தேதி 1899 டிசம்பர் 30. அந்தக் காலத்துச் சிங்கப்பூர் உள்ளூர் நேரம் யுடிசியைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முன்னால். முதல் தடவை பார்க்கும்போது பேய் பிடித்தது மாதிரிதான் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. அட்டவணையில் நேரத்தை “23:30” என்று வெறும் எழுத்தாக வையுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளின் பயணம் உருவாகும்போது தேதியோடு சேர்த்து முழு நேரமாக்கி, மண்டலத்தோடு சேமியுங்கள்.

ஒரு நாள் முழுவதும் பிசகினால் அது நள்ளிரவு வண்டி. “வெள்ளி ராத்திரி 12:15” என்று மக்கள் சொல்வது நாட்காட்டியில் சனிக்கிழமை. தேதியை மட்டும் அச்சடித்தால் சனிக்கிழமை ராத்திரி வந்து நிற்பார்கள், வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். சீட்டில் “வெள்ளி இரவு முடிந்து சனி அதிகாலை 12:15” என்று எழுதலாம். அதைவிட, அட்டவணையையே 11:55 ஆக்கச் சொல்லி முதலாளியைக் கெஞ்சுவது நல்லது. இருபது நிமிடத்தில் அவருக்கு நட்டமில்லை, உங்களுக்கு ஒரு புகார் வகையே ஒழியும்.

நேரம் சரி, இடம் தவறு என்ற வழக்கும் இதே தலைப்பில்தான் வரும். கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2023இல் மூடப்பட்ட பிறகு ஏறும் இடங்கள் பீச் ரோட்டிலும் வேறு பக்கங்களிலும் சிதறிவிட்டன. ஆனால் மக்கள் வாயில் “கோல்டன் மைல்” என்ற பெயர் அப்படியே இருக்கிறது, பக்கத்திலேயே கோல்டன் மைல் டவர் என்றும் ஒன்று இருக்கிறது. ஏறுமிடத்தைத் தட்டச்சு செய்யும் பெட்டியாக வைக்காதீர்கள். தனி டேபிள், வரைபடப் புள்ளி, ஒரு புகைப்படம்.

## “என் பேரை ஏத்துக்க மாட்டேங்குது”

நம்மாட்கள் பெயரில் எஸ்/ஓ (இன்னாரின் மகன்), டி/ஓ (மகள்) இருக்கும். மலேசியாவிலிருந்து வருகிறவர் என்றால் அதே பொருளில் ஏ/எல், ஏ/பி. பெயரில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று எவரோ எழுதிய சோதனை, சாய்கோட்டைக் கண்டதும் துரத்தும். பயணி சாய்கோட்டை எடுத்துவிட்டு எழுதுவார், பிறகு கடப்பிதழிலுள்ள பெயரோடு பயணிப் பட்டியல் பொருந்தவில்லை என்று கேள்வி வரும். சோதனையைத் தளர்த்துங்கள். முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டு, “கடப்பிதழில் உள்ளபடி முழுப்பெயர்” என்று ஒரே பெட்டி வையுங்கள்.

தளர்த்திய மறுநாள் இன்னொரு புகார் வரும்: அந்தப் பயணிகளுக்கு மட்டும் பிடிஎஃப் வரவில்லை. கோப்புக்குப் பயணியின் பெயரையே வைத்திருக்கிறீர்கள். சாய்கோட்டைப் பார்த்த லினக்ஸ் அதை ஒரு ஃபோல்டர் என்று எண்ணி, அப்படி ஒன்று இல்லை என்கிறது. கோப்புப் பெயர் பதிவு எண்ணாக இருக்கட்டும்.

இதே படிவத்தில் அடையாள அட்டை எண்ணைக் கேட்கும் பெட்டி இருந்தால் அதற்கு உண்மையில் தேவை என்ன என்று யோசியுங்கள். சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்ட வழிகாட்டுதலின்படி, சட்டம் கேட்டாலோ, ஆளை மிக உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தாலோ தவிர அந்த எண்ணை வாங்கக்கூடாது. 2019 செப்டம்பர் 1 முதல் இதுதான் நிலை. கவுண்டரில் ஆளைக் கண்டுபிடிக்கப் பதிவு எண்ணே போதும்.

## “டிக்கெட்டுல தமிழ் கன்னாபின்னான்னு இருக்கு”

கன்னாபின்னாவிலும் வகை உண்டு, ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும்.

கட்டம் கட்டமாக இருந்தால் எழுத்துரு இல்லை. செர்வரில் சிறிய டாக்கர் இமேஜ் (நிரலும் அதற்கு வேண்டியவையும் அடங்கிய பொதி) போட்டிருப்பீர்கள், அதில் தமிழ் எழுத்துரு வராது. நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்துவிடுங்கள்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் தெரிந்தாலோ எழுத்துரு இருக்கிறது, எழுத்துகளைக் கோக்கும் வேலை நடக்கவில்லை. பிடிஎஃப் செய்யும் பல நூலகங்கள் எழுத்துகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடும். சீட்டை எச்டிஎம்எல் ஆக்கி, திரையில்லாத குரோம் வழியாக பிடிஎஃப் எடுங்கள். அதற்குள் எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது, கொம்பு தன் இடத்துக்குப் போகும். கவுண்டரிலுள்ள சின்ன வெப்ப அச்சுப்பொறிகளுக்குப் பெரும்பாலும் தமிழே தெரியாது. சீட்டைப் படமாக்கி அனுப்புங்கள்.

கேள்விக்குறிகளாக இருந்தால் கெட்ட செய்தி. டேட்டாபேஸ் இணைப்போ டேபிளோ லத்தீன் குறியாக்கத்தில் இருந்திருக்கிறது, தமிழ் எழுத்து உள்ளே போகும்போதே அழிந்துவிட்டது. திரும்பக் கிடைக்காது, பயணியிடம்தான் கேட்க வேண்டும். மேலே கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் நல்ல செய்தி. பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும், படிக்கும் விதம்தான் தவறு.

அச்சு நன்றாக இருக்கிறது, ஆனால் “கோலாலம்பூர்” என்று தேடினால் கிடைக்கவில்லை என்றால் யூனிகோடைப் பாருங்கள். “கோ”வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (இரண்டு குறியை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். அதோடு ஜோகூர், ஜொகூர், சொகூர், ஜேபி எல்லாம் ஒரே ஊருக்குப் போகும்படி மாற்றுப்பெயர் டேபிள் ஒன்றும் வேண்டும்.

## “மோசடி மெசேஜ்னு வருது, அழிச்சிட்டேன்”

சிங்கப்பூரில் 2023 ஜனவரி 31 முதல், அனுப்புநர் பெயரோடு குறுஞ்செய்தி அனுப்பும் நிறுவனங்கள் அந்தப் பெயரை அனுப்புநர் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத பெயர் “லைக்லி ஸ்கேம்” (மோசடியாக இருக்கலாம்) என்று மாறிப் போகும். சோதனையில் வெளிநாட்டு எண்ணுக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பேருந்து நிறுவனத்தின் யுஇஎன் (நிறுவன அடையாள) எண்ணோடு பதியுங்கள். இணைப்பைக் குறுக்கித் தரும் தளங்களின் முகவரியைச் செய்தியில் போடாதீர்கள், அதைப் பார்த்தாலே இங்கே யாரும் தொடமாட்டார்கள்.

குறுஞ்செய்திக் கட்டணம் திடீரென்று ஏறியிருந்தால் தமிழில் அனுப்பத் தொடங்கியிருப்பீர்கள். ஆங்கிலச் செய்தி ஒன்றுக்கு 160 எழுத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்தோ எமோஜியோ சேர்ந்தாலும் முழுச் செய்தியும் 70க்கு இறங்கிவிடும், நீண்டு பிரிந்தால் துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும்: “கோலாலம்பூர்” நமக்கு ஆறு எழுத்து, அங்கே பதினொன்று. பதிவு எண், நேரம், இடம் மூன்றை மட்டும் குறுஞ்செய்தியில் வைத்து, விவரத்தை மின்னஞ்சலுக்குத் தள்ளுங்கள்.

## “தீபாவளி டிக்கெட் திறந்ததும் தளம் படுத்துடுச்சு”

பெரிய செர்வர் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: டிரான்ஸாக்ஷனைத் திறந்து, இருக்கையைப் பூட்டி, அதற்குள்ளிருந்தே பண நிறுவனத்தின் ஏபிஐயை அழைத்துக் காத்திருக்கிறீர்களா? அவர்கள் மூன்று விநாடி எடுத்தால் உங்கள் டேட்டாபேஸ் இணைப்பும் மூன்று விநாடி சிக்கிக்கிடக்கும். போஸ்ட்கிரெஸ் வந்தபடியே விட்டால் நூறு இணைப்புதான். இருக்கையைப் பிடித்து எழுதி, டிரான்ஸாக்ஷனை முடித்துவிட்டு, வெளியே வந்து அழையுங்கள். தேடல் பக்கத்தைச் சில விநாடி கேஷில் (தற்காலிக நினைவில்) வைக்கலாம், காலியா என்ற கடைசிச் சோதனையை வைக்கக்கூடாது.

## “குடிநுழைவுல மாட்டிக்கிட்டேன், திரும்புற டிக்கெட்டும் ரத்தாயிடுச்சு”

இந்தத் தடத்துக்கே உரிய கோளாறு, உள்நாட்டுப் பேருந்துக்கு எழுதிய தளத்தை எடுத்துவந்து இங்கே பொருத்தினால் தப்பாமல் வரும். இங்கே பயணி ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதில்லை. சிங்கப்பூர்க் குடிநுழைவுச் சாவடியான உட்லண்ட்ஸிலோ துவாஸிலோ இறங்கி, கடந்து, ஏறி, மறுகரையில் பையோடு இறங்கி, கடந்து, மறுபடி ஏறுகிறார். வரிசை நீண்டால் வண்டி போய்விடும், அவர் அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் வருவார். உங்கள் தளத்திலோ, முதல் வண்டியின் கடைசி எண்ணிக்கையில் ஆள் இல்லாததால் “வரவில்லை” என்று பதிவாகும். வராதவரின் திரும்பும் சீட்டை ரத்து செய்யும் விதி, நள்ளிரவில் தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும்.

நிலைகளை அதிகப்படுத்துங்கள். சிங்கப்பூரில் ஏறினார், முதல் சாவடிக்குப் பின் ஏறினார், இரண்டாவதற்குப் பின் ஏறினார், சாவடியில் தங்கினார், அடுத்த வண்டியில் வந்தார். சிங்கப்பூரில் ஒருமுறை ஸ்கேன் ஆனவரை எக்காரணத்தாலும் “வரவில்லை” ஆக்கக்கூடாது. அடுத்த வண்டியில் ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநருக்கு ஒரே தட்டலில் முடிகிற பொத்தான் வேண்டும். வரிசை ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது படிவம் நிரப்ப எந்த அண்ணனுக்கும் பொறுமை இருக்காது.

பயணி தங்கிவிடுவதற்குப் பொதுவான ஒரு காரணத்தை நீங்கள் குறைக்கலாம். மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை 2024 ஜனவரி முதல் கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்கிறவருக்கு இல்லை. வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். ஆகவே நினைவூட்டலைப் பதிவு செய்த அன்றே அனுப்பிப் பயனில்லை. பயணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்புங்கள்.

கடைசியாக, ஸ்கேன் செய்யும் செயலி சாவடியில் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் அது நெட்வொர்க். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்துக்கு அருகே கைப்பேசி மலேசியச் சேவைக்குத் தாவிவிடும், ரோமிங் இல்லாத எண் செத்துவிடும். புறப்படும் முன்பே பயணிப் பட்டியலைச் செயலி இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கியூஆரில் வெறும் பதிவு எண் போதாது, யாரும் ஊகித்து ஒன்று செய்துவிடலாம். செர்வரின் ரகசியச் சாவியால் ஒப்பமிட்டு, செயலியில் பொதுச் சாவியை மட்டும் வையுங்கள். இணையம் இல்லாமலே சீட்டு உண்மையா என்று சொல்லிவிடும். ஸ்கேன் செய்தவை கைப்பேசியிலேயே வரிசையில் கிடந்து, இணைப்பு வந்ததும் ஸ்கேன் ஆன நேரத்தோடு மேலே போகட்டும். செர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை எழுதினீர்கள் என்றால், சிங்கப்பூரில் ஏறியவர்கள் எல்லாரும் ஜோகூருக்குள்ளிருக்கும் யோங் பெங்கில் ஏறியதாக அறிக்கை வரும்.